38-ஆ, 36-ஆ? ரேஸ் பைக் நம்பரும் ஒரு ஸ்டீல் ஸ்கேலும்

போன வருஷம் என் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் முதல் தடவையா ஒரு அமெச்சூர் பைக் ரேஸில் கலந்துகொண்டான். எந்த ரேஸ், யார் நடத்தினாங்க என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நானும் இன்னொருத்தனும் அவனுக்கு மெக்கானிக். அதாவது டயர்ல காத்து செக் பண்றது, தண்ணி பாட்டில் நீட்டுறது, அவ்வளவுதான்.

அவன் நம்பர் 38. நெல்லித்தோப்பு பக்கம் ஒரு ரேடியம் கடையில் வெட்டி வாங்கி, அவனோட பழைய ஆர்15-ல் ஒட்டினோம். ரேஸுக்கு முன்னாடி வண்டியைச் சோதிப்பாங்க. ஸ்க்ரூட்டினி என்று சொல்வாங்க. சனிக்கிழமை பார்த்தவர் வண்டியை ஒரு சுத்து சுத்திட்டு "ஓகே தம்பி, போ" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேற ஒருத்தர். "நம்பர் சின்னதா இருக்கு. மாத்திட்டு வா."

"சார், நேத்து ஓகே சொன்னாங்களே?"

"சொன்னவரையே போய்க் கேளு."

விதித் தாளை எடுத்துப் பார்த்தோம். எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு வரி. எத்தனை மில்லிமீட்டர் என்று இல்லை. அங்கே யார் கையிலும் ஸ்கேலும் இல்லை. பக்கத்து வரிசையில் ஒரு வண்டி, நம்பர் 36. ஒல்லியா, சாய்வா, சுத்தி நெருப்பு டிசைனோட இருந்தது. அந்த வரிசையில் இருந்தவர் அதைப் பாஸ் பண்ணிட்டார். நாங்க கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்கி, பெருசா 38 ஒட்டி முடிக்கும்போது வார்ம்-அப் பாதி முடிஞ்சிருந்தது.

ரேஸில் மூணாவது லேப். நடுவில் ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடி, கூடவே 38 என்று ஒரு போர்டு. உன் வண்டியில் ஆபத்தான கோளாறு, உடனே டிராக்கை விட்டு வெளியே வா என்று அர்த்தம். நண்பன் வந்தான். குனிஞ்சு பார்த்தோம். வண்டியில் ஒண்ணுமே இல்லை. கூலன்ட் ஒழுகினது 36-ல். தூரத்து வளைவில் நின்ற மார்ஷல் அதை 38 என்று படிச்சு ரேடியோவில் சொல்லிட்டார். தப்பு புரியறதுக்குள் 36 இன்னொரு லேப் ஓடிருச்சு. அந்த ஈரத்தில் ரெண்டு பேர் விழுந்தாங்க. ஒருத்தர் எழுந்து நடந்தார். இன்னொருத்தருக்குக் காலர் எலும்பு உடைஞ்சது.

ஒரு ஸ்டிக்கர்தானே என்று நினைத்திருந்த விஷயத்தை அன்னைக்குத்தான் ஒழுங்கா யோசிக்க ஆரம்பிச்சேன்.

டிரான்ஸ்பாண்டர் இருக்கே, அப்புறம் நம்பர் எதுக்கு?

லேப் டைம் எடுக்க டிரான்ஸ்பாண்டர் போதும். ஆனா அது டைமிங் கோட்டைத் தாண்டும்போதுதான் பேசும். வளைவில் ஆயில் ஒழுகுதா, யார் விழுந்தாங்க, யார் மஞ்சள் கொடியில் ஓவர்டேக் பண்ணாங்க என்பதை மனுஷக் கண்தான் பார்க்கணும். பார்த்ததைச் சொல்ல அவங்களுக்கு இருக்கிற ஒரே பெயர் அந்த நம்பர்.

ரோட்டு நம்பர் பிளேட் வேற வேலை செய்யுது. அந்தப் பழக்கம் 1893 ஆகஸ்ட் 14-ல் பாரிஸ் போலீஸ் போட்ட உத்தரவில் தொடங்கினது. நம்ம புதுச்சேரியும் அப்போ பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. உரிமையாளர் பேர், விலாசம், நம்பர் எல்லாம் வண்டியில் இருக்கணும் என்பது உத்தரவு. இன்னைக்கு நம்ம பி.ஒய். 01 பிளேட்டும் அதே கேள்விக்குத்தான் பதில் சொல்லுது: வண்டி யாருடையது? ரேஸ் நம்பருக்குக் கேள்வி வேற: இந்த நொடியில் என்னைத் தாண்டிப் போனது எது?

எவ்வளவு பெருசா இருக்கணும்?

ஒரு சின்ன கணக்கு. கண் டாக்டரிடம் இருக்கிற சார்ட்டின்படி, 6/6 பார்வை உள்ளவர் 5 ஆர்க் மினிட் உயரமுள்ள எழுத்தைப் படிப்பார். 5 ஆர்க் மினிட் என்பது சுமார் 0.00145 ரேடியன். எழுத்தின் உயரத்தை இதால் வகுத்தால் அதிகபட்ச தூரம் வரும்.

மத்திய மோட்டார் வாகன விதி 51-படி பைக்கின் பின் பிளேட்டில் எண்ணின் உயரம் 40 மி.மீ. அதைப் படிக்க முடியும் தூரம் சுமார் 27 மீட்டர். சூப்பர்பைக் போட்டிகளுக்கான எஃப்.ஐ.எம். விதியில் முன்பக்க எண் குறைந்தது 140 மி.மீ. உயரம், 80 மி.மீ. அகலம், கோட்டின் தடிமன் 25 மி.மீ. அதற்கு சுமார் 96 மீட்டர்.

120 கி.மீ. வேகத்தில் ஒரு பைக் நொடிக்கு 33 மீட்டர் போகும். அப்போ 140 மி.மீ. எண்ணைப் படிக்க மார்ஷலுக்குக் கிட்டத்தட்ட 3 நொடி கிடைக்கும். 40 மி.மீ. எண்ணுக்கு 1 நொடிகூட இல்லை. எங்க ரேடியம் 38-ஐ அப்புறம் அளந்தேன்: 75 மி.மீ. ஒன்றரை நொடி. ஆக, ஞாயிற்றுக்கிழமை எங்களைத் திருப்பி அனுப்பினவர் சொன்னது சரிதான். அதை ஒத்துக்கணும்.

இது அசையாத எழுத்து, நல்ல வெளிச்சம், நேர் பார்வை எல்லாம் இருந்தால் வரும் கணக்கு. எண் ஒட்டின பரப்பு செங்குத்திலிருந்து 60 டிகிரி பின்னால் சாய்ந்திருந்தால் காஸ் 60 பாதி. 140 மி.மீ. எண் எதிரில் நிற்பவருக்கு 70 மி.மீ. ஆகத்தான் தெரியும். ஸ்டிக்கர் மேல ஸ்கேல் வைத்து அளந்தால் பாஸ், மார்ஷல் கண்ணுக்கு ஃபெயில்.

எஃப்.ஐ.எம். விதியில் இன்னும் சில விஷயம் உண்டு. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டிவ் எண் கூடாது. எண்கள் ஒன்று மேல் ஒன்று ஏறக் கூடாது. பழைய கிராண்ட் பிரீ காலத்தில் பிளேட் நிறமே வகுப்பைச் சொன்னது: 125 சிசி-க்குக் கறுப்பு, 250-க்குப் பச்சை, 350-க்கு நீலம், 500-க்கு மஞ்சள். தூரத்திலிருந்தே பாதி பதில் கிடைச்சிரும்.

விதி இருந்தால் போதுமா?

தமிழ்நாட்டில் ரேஸ் புதுசு இல்லை. 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முதலில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வந்தது. தேசிய சாம்பியன்ஷிப் அங்கே நடக்குது. உலக அளவில் எஃப்.ஐ.எம்., இந்தியாவில் எஃப்.எம்.எஸ்.சி.ஐ., அதுக்குக் கீழே கிளப்புகள் என்று ஒரு ஏணி இருக்கு. நாங்க போன மாதிரி சின்னப் போட்டிக்கு வரும்போது அந்த 140 மி.மீ. "தெளிவாக" என்ற ஒரு வார்த்தையா சுருங்கிப் போச்சு.

"தெளிவாக" என்பதை அளக்க முடியாது. மெட்ராலஜி பேப்பரில் ரெண்டு வார்த்தை மனப்பாடம் பண்ணி எழுதினோமே, ஞாபகம் இருக்கா? ரிப்பீட்டபிலிட்டி: ஒரே ஆள் ஒரே பொருளை ரெண்டு தடவை அளந்தாலும் ஒரே விடை வரணும். ரீப்ரொடியூசிபிலிட்டி: ரெண்டு பேர் அளந்தாலும் ஒரே விடை வரணும். எங்க 38 சனிக்கிழமை பாஸ், ஞாயிற்றுக்கிழமை ஃபெயில். ஆய்வாளர்கள் கெட்டவங்க இல்லை. லீவு நாளில் வெயிலில் நின்று வேலை செய்றவங்க. ஒவ்வொருத்தர் கண்ணும் ஒரு கேஜ். அந்த கேஜ்களை யாரும் காலிபரேட் பண்ணலை.

எஃப்.ஐ.எம். விதியிலேயே, எண் தெளிவா இல்லையா என்று தகராறு வந்தால் அதிகாரி முடிவே இறுதி என்று ஒரு வரி உண்டு. மனுஷத் தீர்ப்பு எப்பவும் கொஞ்சம் தேவைதான். ஆனா அது அளந்து முடிச்ச பிறகு வரணும், அளக்குறதுக்குப் பதிலா இல்லை.

இதுக்கு என்ன செலவாகும்?

140 மி.மீ. உயரத்தில், 80 மி.மீ. அகலமுள்ள ரெண்டு எண் ஒரு ஏ4 தாளில் அடங்கும். அதே அளவில் அக்ரிலிக் ஷீட்டில் வெட்டினால் கோ/நோ-கோ கேஜ் ரெடி. எண் ஜன்னலை நிரப்புதா? பாஸ். இல்லையா? ஃபெயில். வாதமே கிடையாது. நம்ம காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் அரை மணி நேர வேலை.

அப்புறம், பேடாக்கில் 50 மீட்டரில் ஒரு சுண்ணாம்புக் கோடு. நம்பர் தெரியாத ஒருத்தரை அங்கே நிறுத்தி, ஒரு நொடி மட்டும் பார்த்துப் படிக்கச் சொல்லணும். 3, 6, 8, 9 குழப்பமும் 1, 7 குழப்பமும் அங்கேயே மாட்டிக்கும். எல்லா வண்டியின் நம்பரையும் ஒரே ஆள் பார்க்கணும். சனிக்கிழமை பாஸ் ஆனதை எழுதிக் கையெழுத்து போட்டா, ஞாயிற்றுக்கிழமை சண்டை வராது. அளவை ஒரு வாரம் முன்னாடியே அனுப்பினா, ரேடியம் கடைக்காரரே சரியா வெட்டிக் கொடுப்பார்.

வண்டியில் பிரேக், செயின், சேஃப்டி ஒயர் எல்லாத்தையும் விட சுலபமா சோதிக்கக் கூடியது இந்த நம்பர்தான். அதிலேயே ரெண்டு பேர் ரெண்டு விடை சொன்னா, மத்ததை எப்படி நம்பி ஹெல்மெட் மாட்டுறது?

நண்பன் இந்த வருஷமும் போறான். அதே 38, இந்த முறை 140 மி.மீ. டூல்ஸ் பேக்கில் ஒரு ஸ்டீல் ஸ்கேலும், நாங்களே வெட்டின அக்ரிலிக் கேஜும் இருக்கு. கேஜை அங்கேயே கொடுத்துட்டு வந்துடலாம் என்று இருக்கோம்.