ரிச்மண்டிடம் என்ன கேட்பது?

வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் மளிகைக் கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் பை வாங்கினால், பைக்கு ஐந்து சென்ட் வரி. 2022 ஜனவரி 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. சின்னத் தொகைதான். ஆனால் அந்த ஐந்து சென்டைக் கேட்கும் உரிமை கவுண்டிக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லி முடிக்க ஒரு டீ போதாது. இரண்டாவது டீயையும் இப்போதே சொல்லிவைத்துவிடுவோம்.

ஃபேர்ஃபாக்ஸ், வாஷிங்டன் நகரத்துக்கு மேற்கே, பொட்டோமாக் ஆற்றைத் தாண்டி இருக்கிறது. பதினொரு லட்சத்துக்கும் மேல் மக்கள். வர்ஜீனியாவின் 95 கவுண்டிகளில் இதுதான் பெரியது. நிர்வாகம் நடத்துவது, மக்கள் தேர்ந்தெடுத்த பத்துப் பேர் அடங்கிய மேற்பார்வையாளர் வாரியம். ஒன்பது வட்டாரங்களுக்கு ஒன்பது பேர். கவுண்டி முழுக்க வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவர் ஒருவர். காவல், தீயணைப்பு, நூலகம், பூங்கா, பள்ளிகளுக்கான பணம் எல்லாம் இவர்கள் தலையில். வயோமிங், வெர்மான்ட், அலாஸ்கா ஆகிய மாநிலங்கள் ஒவ்வொன்றிலும் இந்த ஒரு கவுண்டியைவிடக் குறைவான மக்கள்தான் வாழ்கிறார்கள். அப்படியிருந்தும் கடைப் பைக்கு வரி போட, ஏறக்குறைய நூறு மைல் தெற்கே ரிச்மண்டில் கூடும் மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டியிருந்தது. 2020-இல் சட்டமன்றம் அந்த அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் வாரியம் வாக்கெடுத்தது. அதன் பிறகே வரி வந்தது. வசூலாகும் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதையும் மாநிலச் சட்டமே எழுதிவைத்துவிட்டது: குப்பை அகற்றல், சுற்றுச்சூழல் கல்வி, அரசின் உணவு உதவி பெறும் குடும்பங்களுக்கு மறுபடி பயன்படுத்தும் பைகள் என்று.

இப்படி அனுமதி கேட்டு நிற்பதற்கு வேர் 1868-இல் இருக்கிறது. அயோவா மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜான் டில்லன் என்ற நீதிபதி, கிளிண்டன் என்ற ஊருக்கும் ஒரு ரயில்வே நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பு எழுதினார். ஊராட்சிகளும் நகரங்களும் மாநிலச் சட்டமன்றத்தின் படைப்புகள். அது கொடுத்த அதிகாரம் மட்டுமே அவற்றுக்கு உண்டு. கொடுத்ததா இல்லையா என்று நியாயமான சந்தேகம் எழுந்தால் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. ரயில் பாதை தம் ஊர் வழியாக வரவேண்டும் என்ற ஆசையில் ஊர்கள் கடன் பத்திரங்களை அள்ளி வெளியிட்டுத் திவாலான காலம் அது. உள்ளூர்த் தலைவர்களின் ஊழலைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு டில்லனின் கட்டுப்பாடு சரியென்றே பட்டது. மூன்றே ஆண்டுகளில் மிஷிகன் நீதிபதி தாமஸ் கூலி நேர்மாறாக எழுதினார்: ஊர் தன்னைத் தானே ஆண்டுகொள்வது இயல்பான உரிமை, அதை மாநிலம் பறிக்க முடியாது என்றார்.

வென்றது டில்லன் பக்கம். பென்சில்வேனியாவில் அலிகெனி என்ற நகரத்தைப் பக்கத்துப் பிட்ஸ்பர்க்கோடு இணைத்தபோது, அலிகெனி மக்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். இரண்டு ஊர் வாக்குகளையும் சேர்த்து எண்ணியதால் இணைப்பு நிறைவேறியது. 1907-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லுபடியாக்கி, மாநிலம் நினைத்தால் எந்த ஊரையும் மாற்றலாம், கலைக்கலாம் என்று சொல்லிவிட்டது. பிற்காலத்தில் பல மாநிலங்கள் தங்கள் அரசியல் சட்டத்திலேயே உள்ளாட்சிகளுக்குத் தன்னாட்சி எழுதித் தந்தன. வர்ஜீனியா தரவில்லை. அங்கே அரசியல் சட்டத்தைத் திருத்த அமைத்த ஆணையம் 1969-இல் டில்லன் நெறியைக் கைவிடலாம் என்று பரிந்துரைத்தது; சட்டமன்றம் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1971-இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்திலும் பழைய நிலையே தொடர்ந்தது.

எனவே ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தில் வாரியத்தின் சட்டமன்ற விவகாரக் குழு உட்கார்ந்து, அடுத்த கூட்டத்தொடரில் என்ன கேட்பது, எதை எதிர்ப்பது என்று பட்டியல் போடுகிறது. துறைகளிலிருந்து யோசனைகள் வரும். மாநிலம் முழுக்க உள்ள கவுண்டிகளின் சங்கமும் தன் பட்டியலைத் தயாரிக்கும். டிசம்பரில் வாரியம் வாக்கெடுத்து இறுதி செய்யும். அதற்குப் பிறகும் கவுண்டியால் நேராக ஒரு மசோதாவைக் கொண்டுவர முடியாது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தன் பெயரில் அதைத் தாக்கல் செய்ய இசைய வேண்டும். பட்டியலின் நீளத்தைவிட, அதைத் தூக்கிச் சுமக்க ஓர் உறுப்பினர் கிடைத்தாரா என்பதே முக்கியம்.

காலமும் குறைவு. வர்ஜீனியா சட்டமன்றம் ஜனவரி இரண்டாம் புதன்கிழமை கூடும். இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். ஒற்றைப்படை ஆண்டில் 30 நாள், வழக்கமாக நாற்பத்தைந்து நாள் வரை நீட்டிக்கிறார்கள். 100 பேர் பிரதிநிதிகள் அவையில், 40 பேர் செனட்டில். பெரும்பாலோர் வேறு தொழில் பார்க்கிறவர்கள். நீண்ட கூட்டத்தொடரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் வரும். பாதி வழியில் ஒரு கெடு உண்டு: அதற்குள் ஒரு மசோதா தான் பிறந்த அவையைத் தாண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆண்டுக்கு அதோடு சரி. (2026-இல் கூட்டத்தொடர் தொடங்கியது ஜனவரி 14. அதே நாளைத்தான் வர்ஜீனியா சட்டமன்றம் 2017-இல் நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று ஆண்டுதோறும் பொங்கல் நாளாக அறிவித்திருக்கிறது. வட வர்ஜீனியாவில் வாழும் தமிழர்கள் அந்தத் தேதியை இரண்டு காரணங்களுக்காகவும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.)

பட்டியலில் ஆண்டுதோறும் இடம்பெறும் விஷயங்களில் என் மனத்தை அதிகம் உறுத்துவது சாலை. 1932-இல், பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், வர்ஜீனியா சட்டமன்றம் கவுண்டிகளின் சாலைகளை மாநிலமே எடுத்துக்கொள்ளும் சட்டத்தைக் கொண்டுவந்தது. வரி குறையும் என்பதால் கிட்டத்தட்ட எல்லாக் கவுண்டிகளும் ஒப்புக்கொண்டன. இன்றைக்கும் தங்கள் சாலைகளைத் தாங்களே பராமரிப்பவை ஆர்லிங்டன், ஹென்ரைக்கோ என்ற இரண்டு கவுண்டிகள் மட்டுமே. ஃபேர்ஃபாக்ஸில் உங்கள் வீட்டு வாசலில் உள்ள தெருவின் குழி மாநிலப் போக்குவரத்துத் துறையின் குழி. வட்டார மேற்பார்வையாளரின் அலுவலகத்துக்குப் போன் செய்து சத்தம் போடலாம். அவர் அந்தத் துறைக்கு எழுதத்தான் முடியும்.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரே உதாரணம் சொல்கிறேன். குழந்தைகள் நடமாடும் குடியிருப்புத் தெருவில் வேக வரம்பை மணிக்கு 25 மைலுக்குக் கீழே குறைக்க உள்ளாட்சிகளுக்கு அனுமதி தரும் சட்டம் 2021-இல் வந்தது. ஆனால் தெருக்களே மாநிலத்துக்குச் சொந்தமான கவுண்டிகளுக்கு அது கைகொடுக்கவில்லை. மாநிலச் சாலைகளுக்கும் அந்த அதிகாரம் பொருந்தும் என்று தெளிவாக எழுதிய சட்டம் 2024-இல்தான் வந்தது. சட்டத்தில் விடுபட்ட ஒரு சொற்றொடரைச் சேர்க்க மூன்று ஆண்டுகள். ‘முன்னுரிமைப் பட்டியல்’ என்று கேட்டால் பெரிய பெரிய கொள்கைகள் கண்முன் வரும். அதில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட சின்னச் சொற்கள்தான், தெருவில் நடக்கிற பிள்ளையின் உயிர் அதில் தொங்கினாலும்.

அடுத்தது வரி. கவுண்டியின் பொது நிதியில் பாதிக்கும் மேல் வீடு, நிலத்தின் மீதான சொத்து வரியிலிருந்து வருகிறது. வேறு வழி தேடினால், உணவகச் சாப்பாட்டுக்கு வரி போட நகரங்களுக்கு இருந்த அதிகாரம் கவுண்டிகளுக்கு அதே அளவில் இருக்கவில்லை. மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்தி வென்றாக வேண்டியிருந்தது. ஃபேர்ஃபாக்ஸ் 1992-இலும் 2016-இலும் நடத்தித் தோற்றது. கவுண்டியின் நடுவே தனி நகராட்சியாக இருக்கும் ஃபேர்ஃபாக்ஸ் நகரமோ அதே வரியைச் சாதாரணமாக வசூலித்துக்கொண்டிருந்தது. 2020-இல் சட்டமன்றம் வாக்கெடுப்பு நிபந்தனையை நீக்கி, கவுண்டிகளுக்கும் 6 சதவீதம் வரை வழிவிட்டது. ஃபேர்ஃபாக்ஸ் 4 சதவீத வரியை ஏற்று, 2026 ஜனவரி 1 முதல் வசூலிக்கிறது. இரண்டு முறை மக்கள் வேண்டாம் என்ற வரியை வாரியம் போடலாமா என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேறு எதிலும் கைவைக்க முடியாத அரசு வீட்டு வரியைத்தான் ஏற்றிக்கொண்டே போகும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு அது இன்னும் கொடுமை.

பணம் எங்கே போகிறது என்றால், பாதிக்கும் மேல் பள்ளிகளுக்கு. கல்விச் செலவில் உள்ளாட்சி எவ்வளவு தரவேண்டும் என்பதை வர்ஜீனியா ஒரு குறியீட்டால் தீர்மானிக்கிறது: சொத்து மதிப்புக்கு 50 சதவீதம், மக்களின் வருமானத்துக்கு 40, கடை விற்பனைக்கு 10 என்ற எடையில். வசதியான ஊர் கூடத் தரட்டும், ஏழை ஊருக்கு மாநிலம் கூடத் தரட்டும் என்ற நோக்கம் நல்லதே. ஃபேர்ஃபாக்ஸின் பங்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு. சிக்கல் அந்தப் பங்கீட்டில் இல்லை, பங்கிடப்படும் மொத்தத் தொகையில். ஒரு பள்ளிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று மாநிலம் போடும் கணக்கு, பள்ளிகள் உண்மையில் வைத்திருக்கும் ஆட்களைவிடக் குறைவு. பொருளாதாரச் சரிவின்போது துணைப் பணியாளர்களுக்கு வைத்த உச்சவரம்பு, நெருக்கடி தீர்ந்த பின்னும் பல ஆண்டுகள் தங்கிவிட்டது. வர்ஜீனியா பள்ளிகள் ஒரு மாணவருக்குப் பெறும் பணம் தேசிய சராசரியைவிட 14 சதவீதம் குறைவு என்று சட்டமன்றத்தின் சொந்தத் தணிக்கை ஆய்வுக் குழுவே 2023-இல் அறிக்கை கொடுத்தது. பட்டியலில் முதலிடம் எதற்கு என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதைச் சொல்வேன். அந்த வித்தியாசத்தை இப்போது ஈடுகட்டுவது வீட்டு வரிதான்.

கேட்பது பட்டியலில் ஒரு பாதி. மறுபாதி, கேட்காததைத் தலையில் கட்டாதே என்பது. சூதாட்ட விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் மாநிலம் ஐந்து நகரங்களைக் குறிப்பிட்டு, அங்கே வாக்காளர்கள் ஒப்புக்கொண்டால் விடுதி கட்டலாம் என்றது. அவற்றில் ஒன்றான ரிச்மண்டின் வாக்காளர்கள் 2021, 2023 என இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். பிறகு ஃபேர்ஃபாக்ஸில் டைசன்ஸ் பகுதிக்கு அந்த வாய்ப்பைத் திறந்துவிடும் மசோதா சட்டமன்றத்துக்கு வந்தது. தான் கேட்டு வந்ததல்ல இது என்று வாரியம் எழுதி அனுப்பியது. 2025-இல் மசோதா செனட்டைத் தாண்டி, பிரதிநிதிகள் அவையில் நின்றுபோனது. இப்படிப்பட்ட மசோதா எந்த வாரத்திலும் முளைக்கலாம் என்பதால், கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில் வாரியத்தின் குழு அடிக்கடி கூடி, புதிதாக வந்தவற்றின் மேல் நிலைப்பாடு எடுக்கிறது.

மாநிலத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 95 கவுண்டிகளும் 38 தனி நகரங்களும் ஆளுக்கொரு விதி எழுதினால், மாநிலம் முழுக்கக் கடை வைத்திருப்பவர் திண்டாடுவார். பணக்கார ஊர் தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொள்ளவும் கூடும். ஆனால் பைக்கு ஐந்து சென்ட், தெருவுக்கு 20 மைல் என்பவையெல்லாம் மாநிலம் முழுவதும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டியவையா? அந்தத் தெருவில் வாழ்கிறவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பத்துப் பேர் தீர்மானிக்க வேண்டியதை, அந்தத் தெருவைப் பார்த்தேயிராத 140 பேரில் பெரும்பான்மை தீர்மானிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மக்கள் இதில் எங்கே நுழைவது என்று கேட்பீர்கள். பெரும்பாலோர் ஜனவரியில், மசோதா செய்தித்தாளில் வந்த பிறகு எழுதுகிறார்கள். அதற்குள் உறுப்பினர்கள் எதைச் சுமப்பது என்று முடிவு செய்துவிட்டிருப்பார்கள். செப்டம்பர், அக்டோபரில் வட்டார மேற்பார்வையாளரின் அலுவலகத்துக்கு எழுதுவது அதைவிடப் பயன் தரும். எந்தத் தெரு, எந்தச் சட்டம் தடுக்கிறது, என்ன மாற்றம் வேண்டும் என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். ஒரு முறை பட்டியலில் ஏறிவிட்ட கோரிக்கை, அந்த ஆண்டு தோற்றாலும் அடுத்த ஆண்டு மறுபடி ஏற வழி இருக்கிறது. சட்டமன்றம் நிறைவேற்றியவை, ஆளுநரின் கையெழுத்தும் மறுப்பும் திருத்தங்களும் தீர்ந்த பின், பொதுவாக ஜூலை 1 அன்று நடப்புக்கு வரும். அடுத்த பட்டியலுக்கு அப்போது சில மாதங்களே பாக்கி.