ரோட்ஸ் தீவின் மதில் நகரம்

மலாக்காவுக்குச் சுற்றுலா சென்றவர்கள் அங்கே குன்றின் அடியில் நிற்கும் பழைய கல் வாயிலைப் பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையில் அந்த வாயில்தான் இன்று நின்றுகொண்டிருக்கிறது. ஆங்கிலேயர் 1807-ஆம் ஆண்டில் மதிலை இடித்துத் தள்ளினர். அதனால் மதிலுக்குள் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அங்கே நம்மால் காண முடிவதில்லை. மதிலும் அழியாமல், உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கும் ஓர் ஊரை இப்போது சுற்றிப் பார்ப்போம். மத்தியதரைக் கடலில், துருக்கிக் கரைக்கு மிக அருகில் உள்ள கிரேக்கத் தீவு அது. பெயர் ரோட்ஸ்.

பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். பழைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றான பெரிய வெண்கலச் சிலை இங்கேதான் இருந்தது. நில நடுக்கத்தில் விழுந்து, அடையாளமே இல்லாமல் போய்விட்டது. ஆகவே அதைத் தேட வேண்டாம். நேரே மதிலுக்குப் போவோம்.

மதிலின் சுற்றளவு சுமார் 4 கிலோமீட்டர். அதைச் சுற்றி அகலமான அகழி. அகழி என்றதும் தண்ணீரும் முதலையும் நம் நினைவுக்கு வரும். இந்த அகழியோ வறண்ட அகழி. இன்று அதற்குள் இறங்கியே நடக்கலாம். புல்தரையில் ஆங்காங்கே கல் குண்டுகள் கிடக்கின்றன. பீரங்கியில் வைத்துச் சுட்ட குண்டுகள் அவை. இரும்பால் ஆனவை அல்ல, கல்லைச் செதுக்கி உருட்டியவை.

மதிலை இந்த அளவுக்கு வலுப்படுத்தியவர்கள் புனித யோவான் சபையின் வீரத் துறவிகள். துறவிகளுக்கு வாள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நோயாளிகளைப் பேணுவதற்கென்று தொடங்கிய சபை, பிறகு போர்ச் சபையாகவும் மாறியது. அவர்கள் 1309 முதல் 1522 வரை இத்தீவை ஆண்டனர். பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், ஆங்கிலம் என மொழிவாரியாகப் பிரிந்து, ஒவ்வொரு மொழிக்காரரும் மதிலில் ஒரு பகுதியைக் காத்தனர். அவர்களின் விடுதிகள் வரிசையாக நிற்கும் தெரு இன்றும் உண்டு. ஏறக்குறைய 200 மீட்டர் நீளம். தரை முழுவதும் கூழாங்கல். நல்ல காலணி இல்லாவிட்டால் கால் வலிக்கும்.

தெருவின் மேல்கோடியில் தலைவரின் அரண்மனை இருக்கிறது. 1856-இல் மின்னல் தாக்கி, அருகிலிருந்த தேவாலயத்தின் அடியில் கிடந்த பழைய வெடிமருந்து வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அரண்மனையும் சிதைந்தது. இப்போது நாம் காண்பது, இத்தாலியர் ஆண்ட காலத்தில், 1937-க்குப் பின் எழுப்பியது. பார்க்கப் பிரமாண்டமாய் இருக்கிறது. ஆனாலும், தெருவின் கீழ்க்கோடியில் உள்ள பழைய மருத்துவமனையையே நாம் உண்மையான பழமை என்று சொல்வோம். நோயாளிகள் படுத்திருந்த அந்த நீண்ட கூடம் இப்போது தொல்பொருள் காட்சிசாலையின் ஒரு பகுதி.

1522-இல் துருக்கி சுல்தான் சுலைமான் பெரும்படையுடன் வந்தார். பீரங்கியால் மட்டும் மதிலைத் தகர்க்க முடியவில்லை. ஆகவே துருக்கியர் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்தனர். மண்ணுக்குள் தோண்டுவதை மேலே இருப்பவர் எப்படி அறிவது? தாதினி என்ற இத்தாலியப் பொறியாளர் ஒரு வழி கண்டார். மேளத்திற்குத் தோலை இழுத்துக் கட்டுவதைப் போலவே மெல்லிய தோலை இழுத்துக் கட்டி, அதில் சிறு மணிகளைப் பொருத்தினார். நிலத்தடியில் கடப்பாரை விழுந்தால் தோல் அதிரும், மணி ஒலிக்கும். உடனே அந்த இடத்தில் எதிர்ச் சுரங்கம் தோண்டிவிடுவார்கள். அப்படியும் ஆறு மாதம்தான் தாங்க முடிந்தது. உடன்படிக்கை செய்துகொண்டு, 1523 சனவரி முதல் நாள் வீரத் துறவிகள் கப்பலேறினர்.

அவர்கள் போனார்கள், சரி. ஊர் மக்கள் என்ன ஆனார்கள்? வரலாற்று நூல்கள் பெரும்பாலும் முற்றுகையோடு நின்றுவிடுகின்றன. நாம் கேட்க வேண்டியது இதற்குப் பிறகுதான். மதிலுக்குள் குடியிருந்த கிரேக்கர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. துருக்கியரும் யூதரும் மட்டுமே உள்ளே வசிக்கலாம். கிரேக்கர் காலையில் உள்ளே வந்து வேலை செய்யலாம், கடையில் விற்கலாம், வாங்கலாம். பொழுது சாய்வதற்குள் வெளியே போய்விட வேண்டும். தாத்தா வாழ்ந்த வீட்டுக்கு எதிரே பேரன் மூட்டை சுமப்பான். அந்தி வந்தால் அந்த வாசலைத் தாண்டி நடந்துவிடுவான். பெரட்டு மணிக்கு எழுந்து போன நம் மூத்தவர்களுக்கு, மணி அறிந்து நடக்கும் வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. வெளியேறிய கிரேக்கர்கள் மதிலைச் சுற்றிப் புதிய குடியிருப்புகளை அமைத்தனர். இன்றைய புது நகரம் அவற்றிலிருந்து வளர்ந்ததுதான்.

உள்ளே தங்க இடம் பெற்ற யூதர்களின் பகுதிக்கு இப்போது வருவோம். ஸ்பெயினிலிருந்து 1492-இல் விரட்டப்பட்டவர்களின் வழிவந்தோர் பலர் இங்கே வாழ்ந்தனர். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வீட்டில் பழைய ஸ்பானிய மொழியையே பேசினர். இரண்டாம் உலகப் போரின்போது தீவு செர்மானியர் கைக்கு வந்தது. 1944 சூலையில் ஆண்களை முதலில் அழைத்தனர், பிறகு பெண்களையும் பிள்ளைகளையும். சூலை 23-ஆம் நாள் எல்லோரையும் துறைமுகத்துக்கு நடத்திச் சென்று படகுகளில் ஏற்றினர். ரோட்சிலிருந்தும் பக்கத்துத் தீவான கோசிலிருந்தும் கொண்டு செல்லப்பட்டவர்கள் சுமார் 1,700 பேர். போய்ச் சேர்ந்த இடம் போலந்திலிருந்த ஆசுவிட்சு கொலை முகாம். உயிர் பிழைத்தவர்கள் ஏறக்குறைய 150 பேரே. துருக்கியின் தூதரக அதிகாரி செலாகத்தின் உல்குமென், இவர்கள் எங்கள் நாட்டுக் குடும்பங்கள் என்று வாதாடி, நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார். பீரங்கிக் குண்டைத் தாங்கிய மதில் அன்று அப்படியே நின்றது. பகைவன் மதிலுக்கு உள்ளேயே இருந்தான்.

1577-இல் கட்டிய யூதக் கோயில் ஒன்று இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதன் முற்றத்துச் சுவரில், அழிந்துபோன குடும்பங்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். கோட்டை மதிலிலும் கல்வெட்டுச் சின்னங்கள் உண்டு, அவை தலைவர்களுடையவை. இங்கே இருப்பவை கடைக்காரர், தையற்காரர், தாய்மார் ஆகியோரின் குடும்பப் பெயர்கள். ரோட்சுக்குப் போகும் வாய்ப்பு யாருக்கேனும் கிடைத்தால், அரண்மனைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இந்த முற்றத்துக்கு ஒதுக்குங்கள்.

தீவு 1947-இல் கிரேக்கத்துக்கு வந்தது. மாலையானால் கடைகளைச் சாத்திவிட்டு, பழைய வாயில்கள் வழியாக மக்கள் புது நகரத்துக்கு வீடு திரும்புகிறார்கள். உள்ளே வீடு உள்ளவர்கள் உள்ளேயே தங்கிவிடுகிறார்கள். கதவைச் சாத்த இப்போது யாரும் வருவதில்லை.