கடைக்கணக்கும் கணிப்பொறிக் கோப்பும்

கடைக்குச் செல்கிறோம். சோப்பு ஒன்றும் சர்க்கரை ஒரு கிலோவும் வாங்குகிறோம். கடைக்காரர் விசைப்பலகையில் எதையோ தட்டுகிறார்; சிறிய இயந்திரம் ஒன்று நாக்கை நீட்டுவதுபோல் ஒரு சீட்டை நீட்டுகிறது. அச்சீட்டை வீடு வந்து சேருமுன் நாம் கசக்கி எறிந்துவிடுகிறோம். ஆனால் அதில் அச்சான ஒவ்வோர் எண்ணும் கடையிலுள்ள கணிப்பொறியில் ஒரு கோப்புக்குள் போய் அமர்ந்துவிடுகிறது. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது? அதன் பெயர் என்ன? பில் போடும் நிரல் இல்லாமலேயே அதைத் திறந்து படிக்க முடியுமா? குறிப்பேடும் பேரேடும் பயிலும் வணிகவியல் மாணவர்களாகிய நாம் இதை அறிந்திருப்பது நல்லது என்றே நான் கருதுகிறேன்.

விற்பனையை இயந்திரம் கொண்டு பதியும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர் 1879 ஆம் ஆண்டிலேயே பணப்பதிவு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கல்லாவில் விழவேண்டிய காசு பணியாளரின் சட்டைப்பையில் விழுவதைத் தடுப்பதே அவர் நோக்கம். அதே மாநிலத்தின் டிராய் நகரில் 1974 ஜூன் 26 அன்று ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு முதன்முதலாகக் கடையொன்றில் படிக்கப்பட்டது. பின்னர் 1980 களில் மேசைக் கணிப்பொறியும் டிபேஸ் என்னும் நிரலும் வந்தன. டிபேஸ் வகுத்த கோப்பு முறை பாக்ஸ்புரோ, கிளிப்பர் முதலியவற்றுக்கும் பரவி, சிறு கடைகளின் பில் நிரல்கள் பலவற்றுக்கு அடித்தளமாயிற்று. பாக்ஸ்புரோவை 1992 இல் வாங்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் அதற்கான ஆதரவை 2015 இல் முற்றிலும் நிறுத்திவிட்டது. நிரல் ஓய்வு பெற்றது. கடைகள் ஓய்வு பெறவில்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

என் தாய்மாமாவின் மளிகைக் கடையில் நேர்ந்தது இதுவே. பழைய கணிப்பொறி ஒருநாள் இரவு அணைந்தது, மறுநாள் எழவில்லை. வன்தட்டு பிழைத்திருந்ததால் அதிலிருந்தவற்றை வேறொரு கணிப்பொறியில் ஏற்றிவிட்டோம். ஆனால் பில் நிரலோ உரிம எண் கேட்டு நின்றது. அதை விற்ற நிறுவனம் கதவை அடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. "பொட்டி போனாப் போவுது மாப்பிள்ள, ஊரு பூராவும் இருக்கிற பத்துக் கணக்கு போச்சே" என்று மாமா தலையில் கைவைத்தார். மாதச் சம்பளக்காரரும் கூலிக்காரரும் வாங்கிய பற்று அத்தனையும் அதற்குள்தான். வரிக்கணக்கின் கவலையும் உண்டு. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி ஓர் ஆண்டின் கணக்குகளை, அவ்வாண்டுக்கான ஆண்டறிக்கை தரவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 ஆம் ஆண்டுக் கணக்கு என்றால் 2030 டிசம்பர் முடிய. "கணிப்பொறி கெட்டுவிட்டது" என்பது அதற்கு விடையாகாது.

முதல் வேலை நகல் எடுப்பது. மூலத்தை ஒரு பென்டிரைவில் பூட்டி வைத்துவிட்டு நகலில்தான் கை வைக்க வேண்டும். ஏனெனில் கோப்பை நோட்பேடில் திறந்து, பழக்கதோஷத்தில் சேமித்துவிட்டால் அதன் உள்ளமைப்பே குலைந்துபோகும். மாமா அருகில் நின்று பொறுமையிழந்தார் என்றாலும் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்து, எது விவரக் கோப்பு என்று கண்டறிதல். அந்த நிரலின் அடைவில் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள் கிடந்தன. நிரல் ஓடும் நிலையில் இருக்குமானால் இதற்கு எளிய வழி உண்டு: கோப்புகளின் நேரங்களைக் குறித்துக்கொண்டு ஒரேயொரு பில் போட்டுப் பாருங்கள். எந்தக் கோப்புகளின் நேரம் மாறியதோ அவையே விற்பனை எழுதப்படும் கோப்புகள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே எல்லாவற்றையும் கடைசியாக மாற்றப்பட்ட தேதிப்படி வரிசையாக்கினேன். கணிப்பொறி கடைசியாக ஓடிய நாளின் இரவு ஒன்பதரை மணியைத் தாங்கிய சில கோப்புகள் மேலே வந்து நின்றன. கடை சாத்தும் நேரத்தில் போட்ட கடைசிப் பில்லின் அடிச்சுவடு அது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளியிட்டு வரும் மூன்றெழுத்தை நம்பிவிடக் கூடாது. அது வெறும் சட்டை, யாரும் மாற்றிக்கொள்ளலாம். நிரல் எழுதியவர்கள் பிறர் திறக்காதிருக்கட்டும் என்றே அதை டேட் என்றோ வேறு விசித்திரப் பெயரிலோ மாற்றி வைப்பதுண்டு. கோப்பின் உண்மை அடையாளம் அதன் தொடக்கத்திலுள்ள சில பைட்டுகளில் இருக்கிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1973 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, கோப்பின் உள்ளே பார்த்து இன்னது என்று கூறும் 'பைல்' என்னும் கட்டளை இடம்பெற்றுவிட்டது. நம் விண்டோஸில் பவர்ஷெல் வழியாக 'பார்மட் ஹெக்ஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தால் பைட்டுகள் பதினாறடிமான எண்களாக வரிசை கட்டி நிற்கும். வலப்புறம் அவற்றுக்குரிய எழுத்துகளும் தெரியும்.

எஸ்.க்யூ.லைட் வகைக் கோப்பானால் தன் பெயரையே முதல் வரியில் எழுதிவைத்திருக்கும். ஆக்சஸ் கோப்பானால் ஐந்தாம் பைட்டு முதல் 'ஸ்டாண்டர்டு ஜெட் டி.பி.' என்ற சொற்கள் தென்படும். 'பி', 'கே' என்னும் இரண்டு எழுத்துகளில் தொடங்கினால் அது சுருக்கிக் கட்டிய ஜிப் மூட்டை. அம்முறையை வகுத்த பில் காட்ஸ் என்பவரின் தலைப்பெழுத்துகள் அவை. 'டேப்' என்ற சொல்லில் தொடங்கினால் பெரும்பாலும் எஸ்.க்யூ.எல். சர்வரின் காப்பு நகல். அதைப் படிக்க அந்தச் சர்வரையே நிறுவ வேண்டும். எங்கள் கோப்புகளின் முதல் பைட்டு 3 என்று இருந்தது. அது டிபேஸ் வகை. குறிப்புக் கோப்பும் சேர்ந்திருந்தால் 131, விஷுவல் பாக்ஸ்புரோவானால் 48 என்று இருக்கும். பதினாறடிமானத்தில் இவை முறையே 83, 30 எனத் தெரியும்.

டிபேஸ் கோப்பின் அமைப்பு நம் பாட்டன்மார் கோடு போட்ட பேரேட்டைப் போன்றது. முதல் 32 பைட்டுகள் முகப்பு. முதல் பைட்டை அடுத்த மூன்றும் கடைசியாக எழுதிய ஆண்டு, மாதம், நாள். ஆண்டை 1900 உடன் கூட்டிக்கொள்ள வேண்டும். 124 என்றால் 2024. சில நிரல்கள் வெறும் 24 என்றே எழுதுவதும் உண்டு. அடுத்த நான்கு பைட்டுகள் மொத்தம் எத்தனை பதிவுகள் என்பதைச் சொல்லும். இதில் சிறிய எண் முன்னும் பெரிய எண் பின்னுமாக வரும். 210, 4, 0, 0 என்று இருந்தால் 4 ஐ 256 ஆல் பெருக்கி 210 ஐக் கூட்ட வேண்டும், 1234 பதிவுகள். முகப்பை அடுத்து ஒவ்வொரு பத்திக்கும் 32 பைட்டு வீதம் பத்தியின் பெயர், எழுத்தா எண்ணா தேதியா என்னும் வகை, அகலம் ஆகியவை வரும். 13 என்னும் பைட்டுடன் தலைப்பு முடிந்து பதிவுகள் தொடங்கும். பதிவுகளுக்கிடையே வேலி எதுவும் இல்லை, அகலமே வேலி. எண்களும் தேதிகளும்கூடப் பெரும்பாலும் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்தாகவே இருக்கும். இத்துணை வெளிப்படையான அமைப்பைப் பார்த்தபோது, இதை வகுத்தவர்களுக்கு மனத்துள் ஒரு கும்பிடு போட்டேன்.

இதையெல்லாம் கையால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எக்செல் டிபேஸ் கோப்பைத் திறக்கும்; 2007 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அதே வடிவில் சேமிக்க மட்டும் செய்யாது. பார்வையிட வந்தவருக்கு அது குறையன்று, பாதுகாப்பே. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீசும் திறக்கும். ஆனால் அமைப்பு தெரியாமல் திறப்பவர் ஏமாறக் கூடிய இடங்கள் சில உள்ளன.

முதலாவது அழித்த பதிவு. ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு பைட்டு உண்டு. அது வெற்றிடமாக இருந்தால் பதிவு உயிரோடு இருக்கிறது. நட்சத்திரக் குறி இருந்தால் அழிக்கப்பட்டது. அழித்தாலும் 'பேக்' என்ற கட்டளை இடும்வரை எழுத்துகள் அங்கேயேதான் கிடக்கும். பிழைக்காக ரத்து செய்த பில்லும், திருத்திப் போட்ட பில்லும் ஒருங்கே கண்ணில் படும். பார்க்க உதவும் நிரல்களில் சில இந்தக் குறியைக் காட்டும், சில காட்டாது. இரண்டையும் கூட்டினால் வாடிக்கையாளர் வாங்காத பொருளுக்குக் கடனாளியாவார்!

விற்பனைப் பதிவுகளை வேண்டுமென்றே அழித்து வரி ஏய்க்கும் கள்ள நிரல்கள் அயல்நாடுகளில் பெரும் பிரச்சினையாக வளர்ந்தன. கனடாவின் கியூபெக் மாநிலம் 2011 இல் உணவகங்களுக்கும், ஜெர்மனி 2020 முதல் மின்னணுக் கல்லாக்களுக்கும் பதிவைக் காக்கும் தனிக் கருவியைக் கட்டாயமாக்கியது இதனால்தான். ரிட்டியின் காலத்தில் பணியாளரைக் கண்காணிக்க வந்த இயந்திரம், இப்போது முதலாளியையும் கண்காணிக்கிறது எனலாம்.

இரண்டாவது, கோப்புகளுக்கிடையேயான உறவு. ஒரு பில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பில் எண்ணும் தேதியும் மொத்தமும் ஒரு கோப்பில். அந்தப் பில்லில் வாங்கிய பருப்பும் எண்ணெயும் வரிக்கு ஒன்றாக இன்னொரு கோப்பில். பொருளின் பெயரோ மூன்றாவதில். இங்கே அதன் குறியீடு மட்டும் நிற்கும். இரண்டையும் இணைப்பது பில் எண். சரியான கோப்பைத்தான் பிடித்தோமா என்று அறிய நான் பத்துப் பில்களை எடுத்து, உருப்படிகளின் தொகையையும் வரியையும் கூட்டிப் பில் மொத்தத்துடன் ஒப்பிட்டேன். காசைச் சுற்றாக்கிய வேறுபாடு தவிர மற்றவை ஒத்துவந்தன.

மூன்றாவதுதான் எங்கள் உயிர்நாடி. வாடிக்கையாளர் கோப்பில் 'பாலன்ஸ்' என்று ஒரு பத்தி இருந்தது. மாமா முகம் மலர்ந்தது. "இந்தா இருக்கே, அப்படியே எழுதிக் குடு" என்றார். எனக்கு ஐயம். அப்பத்தியிலிருந்த எண்களுள் சில, மாமா நினைவில் வைத்திருந்த தொகைகளுக்கு வெகு தொலைவில் இருந்தன. பார்த்தால், அது அந்த நிதியாண்டு ஏப்ரல் முதல் தேதியன்று இருந்த தொடக்க இருப்பு! அதன் பின் வாங்கிய பற்றும் கட்டிய பணமும் வேறு இரு கோப்புகளில் இருந்தன. தொடக்க இருப்புடன் கடன் பில்களைக் கூட்டி, ரசீதுகளைக் கழித்து, நட்சத்திரமிட்டவற்றை விலக்கிய பிறகே உண்மை நிலுவை கிடைத்தது. ஓர் ஆசிரியர் ஆறு மாதத்துக்கு முன்பே அடைத்துவிட்ட கடன் அந்தப் பத்தியில் அப்படியே நின்றது. அதை நம்பி அவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும்?

தமிழ்ப் பெயர்களில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. பொருள் பட்டியலில் சில பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. 'சி, ஜி, அரைப்புள்ளி, பெரிய ஜி' என்று ஒன்று இருந்தது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பாமினி என்னும் எழுத்துருவில் அது 'உப்பு'. ஒருங்குறி பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டது. எழுத்துரு மாற்றும் நிரலில் இட்டால் உப்பு உப்பாகிவிடும். இக்காலக் கோப்பில் ஒருங்குறித் தமிழ் யூ.டி.எப். 8 முறையில் இருந்தால், ஒவ்வோர் எழுத்துக் குறியும் 224 என்னும் பைட்டில் தொடங்கி, அடுத்தது 174 அல்லது 175 ஆக இருக்கும். பைட்டு வரிசையைப் பார்த்தே 'இங்கே தமிழ் இருக்கிறது' என்று சொல்லிவிடலாம்.

பார்கோடு பத்தியிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் பதிவு பெற்றவை 890 இல் தொடங்கும் 13 இலக்க எண்கள். இவற்றைச் சாதாரண உரைக் கோப்பாக மாற்றி எக்செலில் திறந்தால் பெருக்கல் வடிவில் சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் பின் இலக்கங்கள் தொலையும். அப்பத்தியை முதலிலேயே எழுத்து வகையாகக் குறித்துவிட வேண்டும்.

இவையெல்லாம் கடைக்காரர் தம் கணக்கைத் தாமே படிப்பதற்கான வழிகள். பிறர் கடைக் கோப்பை அவர் இசைவின்றித் திறப்பதற்கு அல்ல. அதில் ஊராரின் தொலைபேசி எண்களும் கடன்களும் இருக்கின்றன. தனிநபர் விவரங்களைக் காக்க நாடாளுமன்றம் 2023 இல் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. சில நிரல்கள் கோப்பைக் கடவுச்சொல்லிட்டுக் குழப்பி எழுதியிருக்கும். முதல் பைட்டிலிருந்து எந்த அடையாளமும் தெரியாது. அங்கே பூட்டை உடைக்க முயல்வதைவிட, நிரலை எழுதியவரைத் தேடிப் பிடிப்பதே மேல்.

மாமாவின் வேலை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது. பற்றுப் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பெயராகப் பென்சிலால் டிக் அடித்துப் பார்த்தார். விற்பனைக் கோப்புகளை எந்தக் கணிப்பொறியிலும் திறக்கும் உரைக் கோப்புகளாக ஆண்டுவாரியாக மாற்றி, மூலக் கோப்புகளுடன் இரண்டு பென்டிரைவுகளில் ஏற்றி, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டுப் பீரோவிலும் வைத்தோம். எந்தக் கோப்பில் எந்தப் பத்தி என்ன பொருள் தரும் என்பதைக் கோடு போட்ட தாள் ஒன்றில் தமிழில் எழுதி, வீட்டிலுள்ள பென்டிரைவோடு ரப்பர்பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறது. புதிய பில் நிரல் வாங்கச் சென்றபோது மாமா விலையைக் கேட்குமுன், "விவரத்தை எக்செலுக்கு எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.