8 பேர், 5 தூண்டில், சட்டியில் முட்டை!

சென்னை, திங்கள்.-

ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, படகு விட்டு, மீன் பிடித்துச் சமைத்துச் சாப்பிடப் போன சென்னை நண்பர்கள் 8 பேர், முட்டைக் குழம்பு சாப்பிட்டுத் திரும்பினார்கள். இடையில் ஒருவர் தண்ணீரில் கவிழ்ந்தார். ஒரு மீனவரின் வலையும் கிழிந்தது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தாம்பரம்-கடற்கரை மின்சார ரெயிலில் தினமும் காலையில் ஒரே பெட்டியில் ஏறும் கோஷ்டி இது. 3 பேர் வங்கி ஊழியர்கள். 2 பேர் பாரிமுனையில் கடை வைத்திருப்பவர்கள். ஒருவர் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கணக்கர். ஒருவர் டைப்பிஸ்ட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் பழக்கம் விடாமல் அதே ரெயிலில் வந்து போகிறவர். 8-வது ஆள் இந்த நிருபர்.

தை அமாவாசைக்கு மறுநாள், 2-வது சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை. ஒரு வேன் பிடித்துக் கிளம்பினோம்.

ஒடியூர் ஏரி

கிழக்கு கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் தாண்டிப் போனால், செய்யூர் பக்கம் ஒடியூர் ஏரி வருகிறது. ஏரி என்று பெயரே தவிர, நம் பக்கத்து பாசன ஏரி மாதிரி அல்ல. மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் உப்பங்கழி. கிழக்கே நீளமாக மணல் திட்டு. அதற்கு அப்பால் வங்கக்கடல்.

கரையில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் தெரிந்தவர். அங்கேதான் ஜாகை.

கூடாரம் அடிப்பது சினிமாவில் பார்ப்பது போல சுலபம் இல்லை. மணலில் முளை நிற்கவில்லை. கடல் காற்று ஒரு உதறு உதறியதும் முதல் கூடாரம் பாராசூட் போலக் கிளம்பிவிட்டது. கடைசியில் தென்னை மரத்தில் கயிறு கட்டி நிறுத்தினோம்.

மூட்டையில் அரிசி இருந்தது. புளி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் இருந்தது. குழம்புக்கு மீன் மட்டும் கொண்டு வரவில்லை. "ஏரிக்குப் போறவன் மீன் வாங்கிட்டுப் போவானா?" என்று கேட்டவர் இரும்புக்கடைக்காரர். 30 முட்டையைத் துணிப்பையில் ரகசியமாக எடுத்து வந்த ஓய்வு பெற்ற டைப்பிஸ்டை எல்லோரும் கேலி செய்தோம்.

"ஜாக்கெட் போட்டாத்தான் படகு!"

வாடகைக்கு 4 கயாக் படகுகள் வந்தன. பனிப்பிரதேசத்து இனூயிட் மக்கள் சீல் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகுதான் கயாக். இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். ஒரே துடுப்பு, அதற்கு இரண்டு பக்கமும் தட்டு. இடது, வலது என்று மாற்றி மாற்றி வலிக்க வேண்டும். நம் மீனவர்கள் கட்டுமரத்தில் உட்கார்ந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இதில் பெரிய அதிசயம் தோன்றாது.

முட்டுக்காட்டில் 1984-ல் படகுத்துறை வந்தபோது, படகுக்காரர் ஓட்ட நாம் உட்கார்ந்து போவதே பெரிய உல்லாசமாக இருந்தது. இதில் நாமே ஓட்ட வேண்டும். நாமே கவிழவும் வேண்டும்!

வங்கியில் தலைமை எழுத்தராக இருப்பவருக்கு வயது 52. லைப் ஜாக்கெட் அவருடைய தொப்பையைச் சுற்றி எட்டவில்லை. "இடுப்பளவு தண்ணிதானேப்பா, எதுக்கு இது?" என்று கழற்றப் போனார்.

படகோடு வந்த பையனுக்கு 20 வயதுகூட இருக்காது. படகைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஜாக்கெட் போட்டாத்தான் சார் படகு. இல்லேன்னா எறங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, வாரைத் தளர்த்தி வேறு ஒரு பெரிய ஜாக்கெட்டை மாட்டிவிட்டான்.

2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை வேனிலேயே யாரோ நினைவுபடுத்தினார்கள். "நல்ல நாள்லே அந்தப் பேச்சு எதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டோம்.

தூண்டில் முள் சிக்கியது

மதியம் முழுக்க 5 தூண்டில் தண்ணீரில் கிடந்தது. மண்புழு, மைதா உருண்டை, பிரெட் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கண் எதிரே மீன்கள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளின. தூண்டிலைத் தொடவில்லை. கிடைத்தது விரல் நீளத்துக்கு ஒரு ஜிலேபி கெண்டை. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. இன்று குட்டை குளம் எல்லாம் அதன் ராஜ்யம். அதையும் பாவம் பார்த்துத் தண்ணீரிலேயே விட்டோம்.

"கரையிலே இருந்தா கிடைக்காது. உள்ளே போவோம்" என்றார் தலைமை எழுத்தர். மாலை 4 மணி. அவரும் இரும்புக்கடைக்காரரும் ஒரே கயாக்கில் தூண்டிலோடு போனார்கள்.

தண்ணீருக்கு நடுவே கழிகள் நட்டு வலை கட்டியிருந்தது. தூண்டில் முள் அதில் மாட்டிக்கொண்டது. எடுப்பதற்காக அவர் படகில் எழுந்து நின்றார். அவ்வளவுதான். படகு குப்புறக் கவிழ்ந்தது!

கடைக்காரர் படகைப் பிடித்துக்கொண்டார். இவர் தரையில் கால் ஊன்றப் பார்த்தார். தண்ணீர் நெஞ்சளவுதான். ஆனால் அடியில் சேறு. முழங்கால் வரை இழுத்துவிட்டது. உதற உதற இன்னும் இறங்கியது. ஒரு வாய் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

கரையில் நின்ற எங்கள் 6 பேரில் நீச்சல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. கூப்பாடுதான் போட்டோம்.

வலைக்காரர்தான் வந்தார். பைபர் படகில் நின்றபடி, "காலை உதறாதே! மல்லாந்து படு! ஜாக்கெட் தூக்கும், படு!" என்று கத்தினார். இவர் மல்லாந்தார். ஜாக்கெட் மெதுவாகத் தூக்கியது. சேறு காலை விட்டது. செருப்பு மட்டும் ஏரிக்கு!

வலைக்காரர் கேட்ட கேள்வி

கரைக்கு இழுத்து வந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. வலை இரண்டு முழத்துக்குக் கிழிந்திருந்தது.

"பட்டணத்துலே ஒருத்தர் வீட்டு வாசல்லே கோலம் போட்டிருந்தா மிதிச்சிட்டுப் போவீங்களா? கழி நட்டிருக்கே, கண்ணு தெரியலே?" என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கு 100 வீதம் 800 ரூபாய் சேர்த்துக் கொடுத்தோம். எண்ணிப் பார்த்தார். 300-ஐத் திருப்பிக் கொடுத்தார். "நூலுக்கும் தச்சுக் குடுக்கிற கூலிக்கும் 500 போதும்."

டீ போட்டுக் கொடுத்தோம். உட்கார்ந்தார். தூண்டில் சமாசாரம் கேட்டோம். சிரித்துவிட்டார்.

"நீங்க பாத்தது மடவை. அது சேத்துலே படிஞ்ச பாசியை உறிஞ்சித் தின்றது. புழுவை எங்கே கடிக்கப் போவுது? அதுக்கு வலைதான். கொடுவா தூண்டில்லே வரும். ஆனா உசிர் எறா மாட்டணும். தண்ணி ஏறி வர்ற நேரம் தெரியணும். உச்சி வெயில்லே 8 பேரு கூச்சல் போட்டா எந்த மீனு தம்பி வரும்?"

அன்று ராத்திரி முட்டைக் குழம்பு. டைப்பிஸ்ட் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் தட்டிலும் இரண்டு இரண்டாக எண்ணி வைத்தார். அந்த மவுனம்தான் தாங்க முடியவில்லை.

பல்லில் கடித்த பறி

ஞாயிறு விடிகாலையில் கூடாரத்துக்கு வெளியே வந்தால், இருளர் பெண்கள் 4 பேர் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். தூண்டில் இல்லை, வலை இல்லை. ஓலையில் பின்னிய பறியின் கயிறு பல்லிடுக்கில். இரண்டு கையும் தண்ணீருக்குள் தடவுகிறது. இறால் கையில் பட்டதும் அமுக்கிப் பறிக்குள் போடுகிறார்கள். முந்தின நாள் எங்கள் ஆளை விழுங்கப் பார்த்த அதே சேறுதான். அவர்கள் காலை அது ஒன்றும் செய்யவில்லை.

"எவ்வளவு நேரம்மா தண்ணியிலே இருப்பீங்க?" என்று கேட்டதற்கு, ஒரு அம்மா பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பறி ரொம்புற வரைக்கும்" என்றார். கை விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. விரலில் இறால் முள் கீறிய தழும்புகள்.

அரைக் கிலோ இறால் வாங்கினோம். பேரம் பேசப் பழகிய பாரிமுனை ஆசாமிகள் இருவரும் அன்று பேரம் பேசவில்லை.

இன்று காலை ரெயிலில் வழக்கம் போல எல்லோரும் ஆஜர். தலைமை எழுத்தர் காலில் புதுச் செருப்பு. பெட்டியில் பக்கத்து சீட்டுக்காரர்கள், "எவ்வளவு சார் மீன் பிடிச்சீங்க?" என்று கேட்டபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூங்காவில் இறங்கும்போது இந்த நிருபரைத் தனியாக இழுத்து, "மெரினா நீச்சல் குளத்துலே என் வயசுக்காரங்களைச் சேத்துக்குவாங்களா, விசாரிச்சுச் சொல்லுங்க. பேப்பர்லே பேர் மட்டும் போட்டுடாதீங்க சார். செருப்பு ரெயில்லே தொலைஞ்சுதுன்னுதான் வீட்டுலே சொல்லியிருக்கேன்" என்றார்.

பெயர் போடவில்லை.