குளியலறைக்குள் ஓர் அடுப்பு

மும்பையில் தாதர், மாட்டுங்கா பக்கத்துப் பழைய கட்டடங்களில் குளியலறைக்கு நாலடிக்கு ஐந்தடி கிடைத்தாலே பெரிய விஷயம். தாராவியில் பல வீடுகளில் அறை மூலையில் தண்ணீர் புழங்க ஒரு மோரி, அதற்கு ஒரு திரை, அவ்வளவுதான். இதில் தொட்டி வைத்த மின்சார கீசரை எங்கே மாட்டுவது? மாட்டினாலும் அந்தக் காலத்து ஒயரிங் தாங்க வேண்டும். இந்த இடநெருக்கடிக்குள்தான் கேஸ் கீசர் நுழைந்தது. பள்ளிக்கூடப் பை அளவில் ஒரு வெள்ளைத் தகரப் பெட்டி. அடியில் மூன்று குழாய்கள்: கேஸ் வர ஒன்று, தண்ணீர் வர ஒன்று, வெந்நீர் போக ஒன்று. பெட்டியின் தலையில் வரிசையாகச் சில துளைகள். வாங்கும்போது யாரும் அந்தத் துளைகளைப் பார்ப்பதில்லை.

முன்மூடியைக் கழற்றினால் சங்கதி எளிது. குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர்த் தகட்டைத் தள்ளும். தகடு ஓர் ஊசியைத் தள்ளும், ஊசி ஒரு சின்ன சுவிட்சை அழுத்தும். தடித்த டார்ச் பேட்டரி இரண்டிலிருந்து மின்சாரம் கிளம்பி, ‘டிக் டிக் டிக்’ என்று பொறி பறக்கும். கூடவே கேஸ் வால்வு திறந்து, ‘டப்’ என்று பர்னர் வரிசை முழுக்க நீலமாகப் பற்றிக்கொள்ளும். மேலே செப்புத் தகடுகளுக்கு நடுவே வளைந்து ஓடும் குழாயில் தண்ணீர் சூடாகும். குழாயை மூடினால் அழுத்தம் போய், தீ அணையும். தீ தானாக அணைந்துபோனாலும் பக்கத்தில் இருக்கும் உணர்வி அதைக் கண்டு கேஸை நிறுத்திவிடும். எரியாத கேஸ் அறையில் நிறையாதபடி யோசித்துச் செய்த கருவி என்பதில் சந்தேகமில்லை. தலையிலுள்ள துளைகள் வழியாக வெளிவரும் எரிந்த கேஸ் எங்கே போகும் என்ற யோசனையை மட்டும் வீட்டுக்காரர் தலையில் விட்டுவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 10.5 கிலோவாட் சக்தி வேண்டும். உடனடி வெந்நீர் தரும் மின்சார கீசர் வழக்கமாக 3 கிலோவாட்தான். ஆக, தலைக்கு மேல் தொங்குவது ஒரு பெரிய அடுப்பு. அந்தச் சூட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 17 கிராம் எல்பிஜி எரிய வேண்டும். அதை முழுதாக எரிக்க ஏறக்குறைய 0.2 கன மீட்டர் காற்று வேண்டும். நாலுக்கு ஐந்து, எட்டடி உயரக் குளியலறையின் மொத்தக் காற்றே நாலரை கன மீட்டர்தான். இருபது நிமிடம் சாவகாசமாகக் குளித்தால், அந்த அறையில் இருக்கும் காற்று முழுவதையும் கீசர் கேட்கும். குளிக்கிறவருக்கு என்ன மிச்சம்?

உண்மையில் கதை அவ்வளவு தூரம் போகாது. எல்பிஜியில் உள்ள புரொப்பேன் ஒரு பங்கு ஒழுங்காக எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் வேண்டும். கிடைத்தால் வருவது கரியமில வாயுவும் நீராவியும்தான். ஆக்சிஜன் குறையக் குறையத் தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கத் தொடங்கும். இது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல். பிறகு கால் துவளும். தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும் என்று புத்தி சொல்லும், கை எழும்பாது.

நம் வீடுகளில் கேஸ் என்றால் உள்ள பயமெல்லாம் கசிவைப் பற்றியதுதான். மூக்கை வைத்து மோப்பம் பிடிப்போம், சோப்பு நுரை போட்டுப் பார்ப்போம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நாற்றம் கேஸுக்குச் சொந்தமானதில்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்று கலக்கும் எத்தில் மெர்காப்டனின் நாற்றம் அது. தீயில் அதுவும் எரிந்துபோகும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கசிவே இல்லாத கீசர், பூட்டிய குளியலறையில் ஆளைச் சாய்த்துவிடும், மூக்கு எச்சரிக்காது. 2023 மார்ச்சில் ஹோலி முடிந்த கையோடு காட்கோபரில் கணவனும் மனைவியும் குளியலறையில் இறந்துகிடந்தபோது முதல் சந்தேகம் கேஸ் கீசர் மேல்தான் விழுந்தது. குளிக்கப் போனவர் வலிப்பு வந்து விழுந்தார் என்று ஆஸ்பத்திரிக்கு வந்த சிலருக்கு உண்மையான காரணம் கீசர்தான் என்று நம் நரம்பியல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகவே எழுதிவருகிறார்கள்.

கையில் தூக்கிச் செல்லும் கேஸ் ஹீட்டருக்கும் இதே இரசாயனம்தான். மும்பைக்கு அது தேவைப்படாது. ஆனால் ஜனவரியில் மணாலி, நேபாளம் என்று கிளம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜனவரி 20 இரவு, நேபாளத்தின் தாமனில் (குஜராத் கரையோர டாமனைச் சொல்லவில்லை, இது மலையூர்) கேரளத்திலிருந்து போன இரண்டு குடும்பத்தார் குளிருக்காக ஓர் அறைக்குள் கேஸ் ஹீட்டரை வைத்து, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு படுத்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் நான்கு பேர் குழந்தைகள்.

அறைக்குள் பயன்படுத்துவதற்கென்றே செய்த ஹீட்டர்களில் ஆக்சிஜன் குறைவை உணரும் அமைப்பு ஒன்று உண்டு. ஒரு சின்னத் தீச்சுடர் எப்போதும் ஒரு தெர்மோகப்பிளின் முனையை நக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் பிறக்கும் சில மில்லிவோல்ட் மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. காற்றில் வழக்கமாக 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 18 பக்கம் இறங்கினால் சுடர் நிலைகுலைந்து முனையை விட்டு விலகும், மின்சாரம் போகும், வால்வு மூடும். அழகான ஏற்பாடு. ஆனால் வெளியே முற்றத்தில் வைக்கச் செய்த ஹீட்டர்களில் இதை எதிர்பார்க்க முடியாது. காற்று மெலிந்த உயரமான மலைகளில் இது சரியாக வேலை செய்யும் என்றும் நம்ப முடியாது. தூங்கும்போது எந்த ஹீட்டரும் எரியக் கூடாது.

கீசருக்குத் திரும்பினால், பல மாடல்கள் இருபது நிமிடத்தில் தானாக அணையும். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் அந்த இருபதின் அர்த்தம் புரியும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? குழாயை மூடித் திறக்கிறார்கள், மறுபடி ‘டப்’!

பராமரிப்பில் முதலில் பார்க்க வேண்டியது தீயின் நிறம். நீலமாக, அசையாமல் எரிந்தால் சரி. மஞ்சளாக நாக்கு நீட்டினாலோ, பெட்டியின் மேல்விளிம்பில் கரி படிந்தாலோ அன்றே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். பர்னர் குழலுக்குள் சிலந்தி வலை கட்டினாலே போதும், காற்று சேராமல் தீ மஞ்சளாகும். கடல் காற்றில் துருவும் சேர்ந்துகொள்ளும், அதனால் மழைக்காலம் முடிந்ததும் ஒரு சர்வீஸ் அவசியம். மும்பைக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 1995-ல் தொடங்கிய மஹாநகர் கேஸின் பைப் கேஸ் இன்று பல கட்டடங்களில் வந்துவிட்டது. அதில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். அதே கன அளவில் சிலிண்டர் கேஸ் தரும் சூட்டில் பாதிகூட இது தராது, அதனால் பைப் கேஸ் கீசரில் கேஸைப் பீய்ச்சும் ஜெட்டின் துளை பெரியது. வீடு மாறும்போது பைப் கேஸ் கீசரைக் கழற்றிக்கொண்டு போய் செம்பூரில் சிலிண்டரில் இணைத்தால் அளவுக்கு மீறிய கேஸ் பாய்ந்து தீ கரியும் விஷமுமாகக் கொழுந்துவிடும். ஜெட்டை மாற்றாமல் இணைக்கவே கூடாது. சிலிண்டர் ஹோஸை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பெட்டியைக் குளியலறைக்கு வெளியே, கேலரியிலோ காற்றோட்டமான சுவரிலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதுதான் சரியான வழி. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். கதவடியில் இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் எந்தக் காற்றை இழுக்கும்? இடமே இல்லை என்றால் நம் வாளி இருக்கிறது. இருபது லிட்டர் வாளி நிறைய மூன்றரை நிமிடம் போதும். கதவைத் திறந்துவைத்து நிரப்பி, கீசரை அணைத்து, கேஸ் வால்வையும் மூடிவிட்டுக் குளிக்கப் போகலாம்.

உள்ளே போனவர் கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் கதவை உடைத்து, கேஸை மூடி, ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்துவந்து உடனே கேஇஎம், சயான் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கொரோனாவுக்கு வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டரை மாட்டி, 98 காட்டுகிறதே என்று காத்திருக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய இரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் உள்ள இரத்தமாகவே எண்ணிக்கொள்ளும். சாதாரணக் காற்றில் உடலிலுள்ள விஷம் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும், முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் குறையும். அந்த ஆக்சிஜனைத் தாமதிக்காமல் கொடுக்க, குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தது என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.