கல்யாணம் யாருக்கு?

வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் நாம் எத்தனை பேரிடம் யோசனை கேட்கிறோம்! ஜோசியரிடம் முகூர்த்தம் கேட்கிறோம். சமையற்காரரிடம் சாமான் ஜாபிதா கேட்கிறோம். சம்பந்திகளின் மனம் கோணாமலிருக்க என்னென்ன சீர் வேண்டும் என்று, பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத பெரியப்பாவின் வீட்டுக்குக் கூடப் போய் விசாரிக்கிறோம். யோசனை கேட்கப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் மணமகன், மற்றவர் மணமகள்!

"அவர்களைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் சிலர் சிரிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரே குடும்பத்தில் நடந்த இரண்டு கல்யாணங்களை நினைவூட்ட விரும்புகிறேன்.

1916-ஆம் ஆண்டில் ஜவாஹர்லால் நேருவுக்கும் கமலாவுக்கும் டில்லியில் விவாகம் நடந்தது. பிள்ளை வீட்டார் அலகாபாத்திலிருந்து தனி ரயிலில் வந்து இறங்கினர். அவர்கள் தங்குவதற்குக் கூடாரங்களாலான ஒரு சிறு நகரமே எழும்பிற்று. மோதிலால் நேருவின் செல்வத்தையும் செல்வாக்கையும் அந்த வைபவம் நன்றாக எடுத்துக் காட்டியது. மணமக்களைப் பற்றி அது அதிகம் சொல்லவில்லை.

1942 மார்ச் 26-ந் தேதி அலகாபாத் ஆனந்த பவனத்தில் அவர்களுடைய புதல்வி இந்திரா, பிரோஸ் காந்தியை மணந்தார். ஒருவர் ஹிந்து, ஒருவர் பார்ஸி. கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. விவாகம் முக்கியமாக அவ்விருவரின் சொந்த விஷயம் என்று நேரு பகிரங்கமாக அறிக்கை விடுத்தார். மணமகள் உடுத்தியது சரிகைப் பட்டு அன்று; தந்தை சிறையில் நூற்ற நூலால் நெய்த ரோஜா நிறக் கதர்ப் புடவை. 1936-ல் காலமான கமலாவின் நினைவாக, தந்தையின் அருகே ஓர் ஆசனம் காலியாக விடப்பட்டிருந்தது. அந்தப் பெண் யார், எப்படி வளர்ந்தவள் என்பதை வந்தவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே வருஷத்தில் தம்பதிகள் இருவரும் சிறை புகுந்தார்கள்.

ராஜாஜியின் புதல்வி லக்ஷ்மியும் காந்திஜியின் புதல்வர் தேவதாஸும் மணம் புரிய விரும்பியபோது, ஐந்து வருஷம் பொறுத்திருக்கும்படி தந்தையர் சொன்னார்கள். பொறுத்திருந்தார்கள். 1933 ஜூன் மாதம் பூனாவில், 21 நாள் உபவாசத்திற்குப் பின் காந்திஜி இன்னும் தேறாதிருந்த சமயத்தில், எளிய முறையில் விவாகம் நடந்தது. அந்தப் பொறுமைக்கு அதுவே பொருத்தம்.

"இவை பெரிய இடத்துச் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்கிறீர்களா? கைராட்டையில் நூற்ற நூலுக்குப் பெரிய இடம் வேண்டியதில்லை. பந்தலுக்குக் கால் நடுமுன், பிள்ளையையும் பெண்ணையும் உட்கார வைத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். "உங்கள் கல்யாணத்தில் அவசியம் இருக்க வேண்டியது எது? இல்லாவிட்டால் குறையில்லை என்பது எது?" பாட்டுக் கற்ற பெண், வாத்திய கோஷ்டியைக் குறைத்துவிட்டு நலங்கில் நாலு பாட்டுப் பாட நேரம் கேட்கலாம். உபாத்தியாயரான பிள்ளை, தாம்பூலப் பையில் தேங்காயுடன் ஒரு சிறு புத்தகமும் வைக்க விரும்பலாம். மாங்கல்ய தாரணமும் பெரியோர் ஆசியும் இவற்றால் எவ்விதத்திலும் குறைந்துவிடா.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் இன்னும் முக்கியமானது. அதில்தான் தகப்பனாரின் கடன் குறைகிறது. வரதட்சிணையை 1961-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் அது 'சீர்' என்று பெயர் மாற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வருகிறது. "எனக்கு அது வேண்டாம்" என்று மாப்பிள்ளை வாய் திறந்து சொன்னால், அவருடைய குணத்தைக் காட்ட அதைவிடச் சிறந்த அலங்காரம் மணப்பந்தலில் வேறில்லை.

பந்தலை மறுநாள் பிரித்துவிடுவார்கள். கடன் பத்திரத்தை அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது!