காலால் மிதித்தால் திறக்கும் குப்பைத்தொட்டி... பின்னணியில் ஒரு பேராசிரியை!

காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி, கதவின் உட்பக்கம் தட்டு வைத்த ஃபிரிட்ஜ்... இரண்டுக்கும் பின்னால் ஒரே பெண்ணின் பெயரைச் சொல்கிறார்கள். லில்லியன் கில்பிரெத். அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர். 12 பிள்ளைகளின் அம்மா!

1878-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்த லில்லியன், 1904-ல் ஃபிராங்க் கில்பிரெத்தை மணந்தார். கொத்தனாராக வாழ்க்கையைத் தொடங்கிய ஃபிராங்க், ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள் தேவைப்படுவதை எண்ணிப் பார்த்தவர். குனிந்து குனிந்து கல் எடுப்பதுதான் ஆளைக் களைக்க வைக்கிறது என்று, கல்லைக் கைக்கெட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்தார். அசைவுகள் ஐந்துக்குள் அடங்கின.

பிறகு கணவனும் மனைவியுமாகத் தொழிலாளர்களைப் படம்பிடித்து, கையின் ஒவ்வோர் அசைவையும் ஆராய்ந்தார்கள். ஸ்டாப்வாட்சும் கையுமாக 'இன்னும் வேகம்' என்று பலர் விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. வேலை செய்பவரின் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டவர் லில்லியன். 1914-ல் அதைப் புத்தகமாக்கியபோது, எழுதியவர் பெண் என்று தெரியாதபடி 'எல்.எம்.கில்பிரெத்' என்றே அச்சிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரவுன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார், வீடு நிறையக் குழந்தைகளை வைத்துக்கொண்டு!

1924 ஜூன். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு போன் பேசிக்கொண்டிருந்த ஃபிராங்க், மாரடைப்பில் அங்கேயே சரிந்து இறந்தார். ஒரு மகளை முன்பே டிப்தீரியாவுக்குப் பறிகொடுத்திருந்தார்கள். மிச்சம் 11 பேர். கடைக்குட்டிக்குச் சுமார் 2 வயது. துக்கம் நடந்த ஒரு வாரத்துக்குள் லில்லியன் கப்பலேறினார். ஐரோப்பிய மாநாடுகளில் கணவர் பேசவேண்டியதை அவர் பேசினார். கல்நெஞ்சம் என்று ஊர் சொல்லியிருக்கலாம். 11 பேருக்குச் சோறும் படிப்பும் ஊரா கொடுக்கும்?

திரும்பி வந்தால், நிறுவனங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தன. தொழிற்சாலைக்கு ஒரு பெண் ஆலோசனை சொல்வதா? வீட்டிலேயே மேலாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். 'பெண்களுக்கான இடம்' என்று அவர்கள் நினைத்த சமையலறைக்குள்ளும் அதே ஆராய்ச்சியைக் கொண்டுபோனார். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் எட்டும் தூரத்தில் வைத்து, ஒரு ஸ்ட்ராபெர்ரி கேக் செய்து காட்டச் சொன்னார். பழைய சமையலறையில் 281 காலடிகள் எடுத்துவைக்க வேண்டியிருந்தது. புதியதில் 45! மேடையின் உயரம் சமைப்பவரின் உயரத்துக்கு ஏற்ப அமைய வேண்டும் என்றார். (உங்கள் வீட்டில் மேடை கட்டிய மேஸ்திரி, சமைப்பவரை நிற்கவைத்து அளந்தாரா?) இத்தனைக்கும் லில்லியனுக்குச் சமையல் அவ்வளவாக வராது. அவர் வீட்டில் சமைத்தது வேலையாள்தான்.

1935-ல் பர்டியூ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. அதன் பொறியியல் கல்லூரியில் முதல் பெண் பேராசிரியர் அவர்தான். தொழிற்சாலையோடு நிற்காமல், உடல் குறைபாடு உள்ளவர்களும் இதய நோயாளிகளும் மூச்சு வாங்காமல் வீட்டு வேலை செய்ய என்ன வழி என்றும் ஆராய்ந்தார். 1948-ல், 70 வயதில் ஓய்வு. அது பெயருக்குத்தான். எண்பதைத் தாண்டியும் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். 1965-ல் அமெரிக்க தேசியப் பொறியியல் அகாடமி தன் முதல் பெண் உறுப்பினராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது 87-ஐ நெருங்கியிருந்தது.